நியூட்ரலில் இறங்கும் ஆண்கள்

தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகளுக்கு எச்சரிக்கைப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும், அது சூடேறிக் கைவிடும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே நடந்த தொடர் மோதல்களில் உயிர்கள் போயின. நம் ஆண்கள் மனசையும் இப்படி நியூட்ரலில்தான் ஓட்டுகிறார்கள். கேட்டால் "ஒண்ணுமில்ல". 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 சதவீதம் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இத்தனை பேருக்கும் ஒண்ணுமில்லையாம்!

கடனும் நோயும் குடும்பச் சண்டையும்தானே காரணம், மனம் விட்டுப் பேசினால் வட்டி குறையுமா என்று கேட்பார்கள். குறையாதுதான். ஓட்டுநரும் வேடிக்கைக்காக நியூட்ரல் போடுவதில்லை. மிச்சமாகும் டீசல்தான் அவர் கணக்கு. ஆனால் இன்றைய இன்ஜின்கள் பலவற்றில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் சொட்டுச் சொட்டாக எரியும். வாயை மூடி மிச்சம் பிடித்த கௌரவமும் இந்தக் கணக்குதான். கடன் அப்படியே இருக்க, தூக்கமும் ரத்த அழுத்தமும் தனிச் செலவு. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். வழி கேட்கவே வண்டியை நிறுத்தாதவர்கள் அதை அழைப்பார்களா என்பது வேறு விஷயம். தொப்பூர்ச் சரிவைச் சீராக்கப் பல நூறு கோடியில் உயர்மட்டச் சாலை வருகிறது. மற்ற சரிவுக்கு இன்னும் டெண்டர் விடவில்லை.