சவரமும் சவர்க்காரமும்: ஒரு புள்ளி பற்றிய ஆய்வு

சவர்க்காரம் என்பதைச் சவரம், காரம் எனப் பிரித்து, முகம் வழிக்கவே பிறந்த பொருள் அது என்பாரும் அக்கரப்பத்தனையில் உளர். அது பொருந்தாது. சவர் என்பது உவர், உவர்க்காரமே சவர்க்காரம். எனினும் ரகர மெய்யின் தலையில் நிற்கும் அந்த ஒற்றைப் புள்ளியைத் துடைக்கவல்ல பொருள் ஒன்றுண்டு, அது கிளிசரின் என்பதே இவ்வாய்வின் துணிபு.

1779இல் ஷீலே என்ற சுவீடன் மருந்தாளர் ஒலிவ் எண்ணெயை ஈய ஒட்சைட்டுடன் காய்ச்சி, வந்த நீர்மம் இனிக்கிறது என்று கண்டார். எப்படிக் கண்டார் என்று கேட்க வேண்டாம். அந்த ஆய்வொழுக்கத்தை நாம் பின்பற்றவில்லை. பிறகு செவ்ரூல் அதற்கு, இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். அவர் 102 வயதுவரை வாழ்ந்தவர். எத்தனை ஆயிரம் சவரங்களைக் கண்ட தாடையோ!

எண்ணெயும் காரமும் கூடினால் சோப்போடு கிளிசரினும் தானாகவே பிறக்கும். எண்ணெயின் எடையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. வீட்டில் காய்ச்சினால் அது சோப்புக்குள்ளேயே கிடக்கும். பெரிய ஆலைகளிலோ உப்பைப் போட்டுச் சோப்பை மேலே மிதக்கவிட்டு, அடியில் தங்கும் கிளிசரினைத் தனியே எடுத்து விற்றுவிடுவார்கள். அதையே நாம் பாமசியில் போத்தலாக வாங்கிவந்து சோப்பில் திரும்ப ஊற்றுகிறோம். நல்ல தேயிலையை 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, கடையில் தூள் வாங்கித் தேத்தண்ணி குடிப்பவர்களுக்கு இதில் வியப்பென்ன?

அற்றேல், ஊற்றுவது எதற்கு எனின்: தேங்காயெண்ணெய்ச் சோப்பு குபுகுபுவென்று நுரைக்கும், கத்தி காதோரத்திலிருந்து தாடைக்கு இறங்குமுன் காய்ந்தும் போகும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நுரையைக் கூட்டுவது அதன் வேலையன்று. அந்தப் பெருமையில் பாதி எங்கள் பீலித் தண்ணீருக்கு உரியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றடியில் இதே சோப்பைத் தேய்த்தவர் அறிவார்.

இனிச் சோதனை. தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளைத் துருவி, வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை இறக்கி உருக்கி, ஒரு தேக்கரண்டி கிளிசரின் விட்டேன். வழவழவென்று கத்தி இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த தடவை நான்கு கரண்டி விட்டேன். அது ஆடி மழை. மூடுபனி கதவு தட்டாமல் லயத்துக்குள் வரும் காலம். கிளிசரினோ காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் சாதி. விடியற்காலையில் ஸ்தோப்பில் பார்த்தால் சோப்பின் மேலெல்லாம் முத்து முத்தாக நீர். தேய்த்தால் வழுக்கியதே தவிர நுரைக்கவில்லை.

பக்கத்துக் காம்பிரா மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன மருமகனே, கவ்வாத்து வெட்டப் போறது நீங்க. வேர்க்கிறது சோப்புக்கா?"

இது முறையான மறுப்பாகாது என்று ஒதுக்கிவிட்டு, வறண்ட காற்றடிக்கும் தை மாதத்தில் இரண்டு கரண்டி அளவைச் சோதிப்பதென முடிவு செய்து, போத்தலைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தேன். தை பிறந்து எடுத்தபோது பாதிதான் இருந்தது. கொழுந்து மலைக்குப் போய்வந்து அடுப்படியில் கால் நீட்டியிருந்த அம்மாவின் குதிவெடிப்பு, அந்த வருடம் முக்கால்வாசி ஆறியிருந்தது.