நாளெழுத்துத் திணை: கொங்கு மண்டலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் காலத்தில் கைப்பேசி இல்லை. ஆகவே தினந்தோறும் எதையாவது எழுதிச் சொந்தபந்தத்துக்கு அனுப்பியே தீருவேன் என்று சபதமெடுத்தோருக்கு அவர் தனித் திணை வகுக்கவில்லை. அக்குறையைக் கோவைத் தரவுகளைக் கொண்டு நீக்க இக்கட்டுரை முயல்கிறது.

இத்திணைக்கு நிலம், ரேஸ்கோர்ஸ் நடைபாதையும் நடைபாதை சார்ந்த பெஞ்சும். சிறுபொழுது வைகறை; பெரும்பொழுது பணி ஓய்வுக்குப் பிந்தைய ஆயுள் முழுவதும். தெய்வம் மருதமலை முருகன், உணவு ஃபில்டர் காபி, புள் மயில். மயிலைக் குறிஞ்சியிலிருந்து திருடியதாக எண்ணவேண்டாம். வடவள்ளி மொட்டைமாடிகளில் அதுவாகவே வந்து நிற்கிறது. உரிப்பொருள், 'இன்னிக்கு என்னத்த எழுதறது' என்னும் இரங்கல். இரங்கல் நெய்தலின் சொத்து. கோவைக்குக் கடல் இல்லாததால் கைமாற்றாகப் பெற்றுள்ளோம்.

முன்னோடி புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷிக்குப் பொருளுக்கா பஞ்சம்? போரும் சூழ்ச்சியும் வாசலுக்கே வந்தன. ஆனால் அக்குறிப்பு வெளியார் கண்ணில் பட்டது 1846-இல்தான். ஒரு 'அருமைங்க' வருவதற்கு இவ்வளவு காலம் காத்திருக்கக் கொங்கு மண்ணில் எவருக்கும் பொறுமை கிடையாது.

அண்மைச் சான்று ஜெயமோகன். 2014 முதல் 2020 வரை, மகாபாரதத்தின் மறுபுனைவான வெண்முரசை அன்றாடம் இணையத்தில் எழுதி 26 நாவல்களாக முடித்தார். எழுதியது நாகர்கோவில்காரர்; அவருடைய வாசகர் வட்டம் டிசம்பர்தோறும் விழா எடுத்துக் கூடுவதோ கோவையில். எழுதுகிறவரைவிட எழுதவைக்கிறவர்கள் இம்மண்டலத்தில் மிகுதி என்னும் நம் கருதுகோளுக்கு இது வலுச் சேர்க்கிறது.

மகாபாரதம் கைவசமில்லாதோர் என் செய்வர்? ஈரோட்டு மஞ்சள் விலை, பொள்ளாச்சித் தேங்காய் விலை, திருப்பூர் நூல் விலை, ஆழியாறு நீர்மட்டம் ஆகிய நான்கில் ஒன்றை எழுதுவர். 'இது எழுத்தா?' என்பார் உளர். வரிவரியாகப் படிக்கப்படுவது அந்த நாள்களில்தான். வாழ்க்கைத் தத்துவம் எழுதிய நாளில் வருவது கூப்பிய கை மட்டுமே, அதுவும் படிக்காமல்.

இனிச் சோதனை. சிங்காநல்லூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், நம் வேண்டுகோளுக்கிணங்க ஒருநாள் எழுதாமலிருந்தார். காலை டிபன் முடியுமுன் அழைப்புகள் தொடங்கின: "ஏனுங்க, இன்னிக்கு ஒண்ணையுமே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" அழைத்தவர்களிடம் முந்தைய நாள் எழுதியது என்னவென்று விசாரித்தோம். ஒருவருக்கும் நினைவில்லை. ஆக, நாளெழுத்து என்பது இலக்கிய வகையன்று, வருகைப் பதிவேடு. மதியம் சம்பந்தி வீட்டார் ஹார்லிக்ஸ் பாட்டிலுடன் நேரிலேயே வந்துவிட்டனர்.

அன்றுமுதல் அவர், வீட்டில் ஹார்லிக்ஸ் தீரும் சமயம் பார்த்து ஒருநாள் எழுதாமல் விடுவதாகத் தெரிகிறது. இதன் அறவியல் கூறுகள் தனி ஆய்வுக்குரியவை.