இசட் டிரைவ் எல்லோருக்கும் சொந்தம்

ஆடிட்டர் அலுவலகத்துப் பத்துக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி வைத்து, அதை இசட் டிரைவாகக் காட்டிவிட்டால் பென் டிரைவ் தொல்லை ஒழியும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஒழிவதில்லை. பெட்டி வந்ததும் முதல் வேலையாக 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' என்று அனுமதி வாரி வழங்கப்படும். யார் எதைப் பார்க்கலாம் என்று யோசிக்க ஏது நேரம்? முதலாளிக்கு அவசரம். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அதிகம் வாசிக்கப்படும் இலக்கியம் சம்பளப் பட்டியல்தான்.

எக்செல் கோப்பைத் திறந்துபோட்டுவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போய்விடுவார். மற்றவர்களுக்கு அது படிக்க மட்டும்தான் திறக்கும். பொறுமையில்லாதவர் 'ஜிஎஸ்டி ஃபைனல் 2' என்று நகலெடுப்பார். மாதக் கடைசியில் ஏழு ஃபைனல்கள் இருக்கும். தாக்கல் செய்தது எது என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்; ரெய்டு என்பார்களே, அதில் ஒரு வகை. "ரெய்டு இருக்கு சார், பேக்கப் எதுக்கு?" என்பார் பொருத்தியவர். அழித்தாலும் இரண்டிலும் சேர்ந்தே அழியும் என்பதைச் சொல்லமாட்டார். அப்படி அழிந்தது நம் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது.

2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை நச்சுநிரல் உலகைச் சுற்றியது, இப்படிப்பட்ட பெட்டிகளுக்கும் உதவும் கோப்புப் பகிர்வு முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். 'பழைய ஸ்கேனருக்கு அது வேணுமே' என்று இன்னும் அதை மூடாதவர்கள் இருக்கிறார்கள்.

தனியாக ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். எடுத்ததைத் தயவுசெய்து அந்தப் பெட்டியின் தலைமேலேயே வைக்காதீர்கள்.