பிரியாக் கட்டை: ஓர் ஆராய்ச்சி

பெயர்க் காரணம் சொல்லாமல் நூலுக்குள் புகுவது மரபன்று. ஆகவே ‘பொறி’யிலிருந்து தொடங்குவோம். அகராதியைப் புரட்டினால் பொறி என்பதற்குப் புள்ளி, வரி, முத்திரை, தீத்துளி, இயந்திரம், ஐம்புலன்களின் வாயில், திருமகள் என்று பொருள் நீண்டுகொண்டே போகிறது. எலிக்கு மட்டும் அச்சொல்லில் ஒரே பொருள்தான். பொறியியல் என்பது இவற்றுள் எதைப் பற்றிய இயல் எனின், எலி சொல்வதே சரி என்பது இக்கட்டுரையாளன் துணிபு. சான்று, தம்பலகாமத்தில் உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் என் மருமகன் தன் செயற்றிட்டத்துக்காகச் செய்த ஒரு மரப்புதிர்.

ஆய்வுப் பொருளை வரையறுப்போம். பக்கம் 25 மில்லிமீற்றர் உள்ள தேக்கங்கட்டைகள் 27. அவற்றைப் பசையிட்டு ஐந்து துண்டுகளாக ஒட்ட வேண்டும். ஒன்றைப் போல் மற்றொன்று இருத்தல் ஆகாது. ஐந்தையும் கோத்தால் மும்மூன்றாக அடுக்கிய பெரிய கட்டை ஒன்று வர வேண்டும். நம் பாடநூல்கள் இவ்வடிவத்தைச் சதுரமுகி என்கின்றன. பெயர் சந்திரமுகிக்குத் தங்கை போல் ஒலித்தாலும், ஆறு முகமும் சதுரம் என்பதற்கு மேல் அதில் திகில் ஒன்றும் இல்லை என்றே ஓகஸ்ட் மாதம் நாங்கள் நம்பியிருந்தோம்.

வரலாறு சுருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பாலர் பள்ளியைத் தொடக்கிவைத்த பிரீட்ரிக் புரோபெல், மழலைகளுக்கென்று வகுத்த ‘பரிசு’களில் ஐந்தாவது, இதே மும்மூன்று அடுக்குக் கட்டைதான். சிலவற்றைக் குறுக்கே பிளந்து மொத்தம் 39 துண்டாக்கிக் கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் டென்மார்க்கின் பீட் ஹைன், ஹைசன்பேர்க்கின் குவாண்டம் விரிவுரையில் உட்கார்ந்திருந்தபோது இதே கட்டையை ஏழு துண்டில் கோக்கும் சோமாக் கட்டையை மனத்தில் கண்டார் என்பர். விரிவுரை நேரத்தில் வேறு யோசனையில் இருப்பவர்களுக்கு உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய ஆதரவு கிடையாது.

கடா: ஜெர்மனியில் மழலைக்குக் கொடுத்ததைத் தம்பலகாமத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தல் பொருந்துமோ? விடை: பொருந்தும். அந்தப் பிள்ளைக்கு வெட்டிக் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளை தானே வெட்ட வேண்டும் என்க.

வெட்டுவதில்தான் முதல் தத்துவம் பிறந்தது. 27 கட்டை, ஒவ்வொன்றும் 25 மில்லிமீற்றர், ஆகமொத்தம் 675. மருமகன் சரியாக 675 மில்லிமீற்றர் நீளச் சட்டம் ஒன்றைச் சீவி வாங்கி வந்தான். மாலையில் பார்த்தால் மேசையில் 25 கட்டைகள்.

“மாமா, கணக்குச் சரி. மரந்தான் பிழை” என்றான்.

எங்கள் ஓடாவியாரை அழைத்து வந்தேன். (ஓடாவி என்றால் மரக்கலம் கட்டுபவர் என்று அகராதி சொல்லும். நாலாபுறமும் வயல் சூழ்ந்த ஊரிலும் கதவு, கட்டில் செய்பவரை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். கடலை விட்டு உள்ளே வந்தாலும் தொழிலின் பெயர் ஈரமாகவே இருக்கிறது. இந்த ஈரம் பின்னால் பயன்படும், நினைவில் வைக்கவும்.) அவர் கட்டைகளை எண்ணவில்லை. தரையில் குவிந்திருந்ததைக் காலால் ஒதுக்கிக் காட்டினார்.

“தம்பி, மற்ற ரெண்டு கட்டையும் இந்தா கிடக்கு.”

வாளின் வாய் இரண்டு மில்லிமீற்றர் அகலம். 25 தடவை அறுத்தால் 50 மில்லிமீற்றர் தூளாகும். அதாவது, குறையாமலும் கூடாமலும் இரண்டு கட்டை. வரைபடத்தில் கோட்டுக்கு அகலம் இல்லை, வாளுக்கு உண்டு. யூக்கிளிட் மரம் அறுத்தவர் அல்லர் என்பது இதனால் போதரும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. உலகம் ‘திருக்கோணமலை மரம்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு அழைக்கும் மரம் ஒன்று இருக்கிறது. நாம் சவண்டலை என்போம், சிங்களத்தில் ஹல்மில்ல. படகுக்கும் பீப்பாய்க்கும் பேர்போனது. எங்கள் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய மரம் காட்டில் நிற்க, செயற்றிட்டத்துக்கு வந்தது தளபாடக் கடையில் மிஞ்சிய தேக்கு. ஆராய்ச்சியாளன் இதில் வருத்தப்பட மட்டுமே முடியும்.

அடுத்தது வடிவமைப்பு. நான்கு கட்டையை முகத்தோடு முகம் ஒட்டினால் எட்டு வடிவம் வரும்; ஐந்தை ஒட்டினால் 29; ஆறை ஒட்டினால் 166. (கண்ணாடி விம்பத்தைத் தனி வடிவமாக எண்ணிய கணக்கு இது. வலக்கைச் செருப்பு இடக்காலுக்கு ஆகாது என்பதுபோல் எழுதிவிட்டு அடித்தேன். ஆனாலும் பொருள் அதுவே.) மருமகன் ஆறில் இரண்டும் ஐந்தில் மூன்றுமாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம் என முதற்கோண எறியத்தில் வரைந்து, எத்தனை விதமாகக் கோக்கலாம் என்று தேடினான். சோமாக் கட்டைக்கு 240 வழிகள் உண்டென்று கணிதர்களான கொன்வேயும் மைக்கேல் கையும் 1961 இல் கணினியின்றிக் கண்டுபிடித்தார்கள். மருமகன் ஒரு வழி கண்டதும் சாப்பிடப் போய்விட்டான். போதுமான எண் அதுவே.

செப்டெம்பரில் கட்டை கழன்றது, கோத்தது, கழன்றது. வீட்டுக்கு வந்தவர் எல்லோர் கையிலும் திணிக்கப்பட்டது. என் அக்கா மீன் வெட்டிய கையோடு முழங்கையால் தள்ளி ஒரு துண்டைச் செருகினாள்.

நவம்பரில் செயற்றிட்ட மதிப்பீடு. மாரி மழை நான்கு நாளாக விடவில்லை. கந்தளாய்க் குளத்தில் நீர்மட்டம் என்ன என்பதே ஊரின் பேச்சு. பாடசாலைச் சேர் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“வடிவா இருக்கு. பிரிச்சுக் காட்டுங்க தம்பி.”

பிரியவில்லை. இழுத்தான், தட்டினான், மேசை விளிம்பில் வைத்து அமுக்கினான். கட்டை பிறவியிலேயே ஒன்றாய் இருந்ததுபோல் இருந்தது. புள்ளிப் பத்திரத்தில் ‘துண்டுகளின் எண்ணிக்கை’ என்ற கூட்டில் சேர் ‘1’ என்று எழுதினார். அவர் மேல் குற்றம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார்.

காரணம் ஆராய்வோம். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் ஏறத்தாழ வளர்வதில்லை, குறுக்கேதான் பருக்கும். அதிலும் ஆண்டு வளையத்தின் வழியே பருப்பது, வளையத்தைக் குறுக்கிட்டுப் பருப்பதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. தேக்கு நிதானமான மரம். ஆயினும் ஈரப்பதன் நான்கு சதவீதம் ஏறினால் 75 மில்லிமீற்றர் அகலம் அரை மில்லிமீற்றர் வரை பெருக்கும். மருமகன் கட்டைகளை ஒட்டும்போது இழை போகும் திசையைப் பார்க்கவில்லை. ஒன்று கிழக்கே, ஒன்று மேலே, ஒன்று தன் விருப்பப்படி. ஆக, ஒரு துண்டின் நீளவாக்கு மரம் இடைவெளியை அப்படியே வைத்திருக்க, அதற்குள் செருகிய துண்டு குறுக்கே பருத்து இறுகிக்கொண்டது. மாரியில் சதுரமுகிக்குச் சதுரமும் இல்லை, முகமும் இல்லை. புதிருக்கு எத்தனை தீர்வு என்று கேட்பதற்கு முன், எந்த மாதம் என்று கேட்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. கொன்வே கேம்பிரிட்ஜில் இருந்தார். அவருக்கு ஐப்பசி தெரியாது.

வியப்பு வேறு இடத்தில். ஈரப்பதன் என்ற சொல் தம்பலகாமத்துக்குப் புதிதா? பெரும்போக அறுவடை முடிந்தால் ஊர் முழுக்க அந்தச் சொல்தான். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதம். அதற்கு மேல் என்றால் வில்லங்கம். தறாசடியில் கருவியை நம்பாமல் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்து, ‘டக்’ என்று உடைகிறதா என்று பார்த்து, பதின்மூன்றரை என்று சொல்லிச் சண்டை பிடிக்கும் மனிதர்கள் இங்கே உண்டு. என் அத்தான் அப்படிப்பட்டவர். அவருடைய மகன் ஒரு தேக்கஞ் சட்டத்தை வாங்கும்போது அதன் ஈரத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நெல் வயல் சம்பந்தம், கட்டை பாடசாலைச் சம்பந்தம் என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தோம்.

மதிப்பீட்டன்று இரவு அத்தான் கட்டையின் ஒரு மூலையைக் கடித்துப் பார்த்தார்.

“பதினெட்டு இருக்கும்” என்றார்.

வெயிலில் வைக்க வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே பறணில் இரண்டு வாரம் இருந்தது. கருவாட்டு வாடை ஏறியதைத் தவிர மாற்றம் இல்லை. பிறகு கரண்ட் பில் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்தாள் அக்கா. பாரத்துக்கு நல்ல கட்டை.

தை கழிந்தது, அறுவடை கழிந்தது. வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கிய ஒரு மத்தியானம், யாரும் தொடாமலே மேல் துண்டு சரிந்து விழுந்தது. கரண்ட் பில் முற்றத்தைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் போனது. மருமகன் பில்லைத் துரத்தவில்லை. செயற்றிட்டக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, திகதி போட்டு, ‘1’ என்பதை வெட்டி ‘5’ என்று எழுதினான்.