ஏனுங்க, வண்டி புகையுதுங்க!

கே: புகையைப் பார்த்தே லாரியோட சீக்கைச் சொல்லிப்போடலாங்களா? (லாரி உரிமையாளர், சங்ககிரி)

ப: தாராளமாக. கருப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. நீலம் என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது, அல்லது ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கருப்புக்கு நாசிலைக் கழற்றுவதற்கு முன்னால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மூக்கு அடைத்தவனுக்கு எடுத்ததும் நெஞ்சைக் கிழிப்பார்களா?

கே: எங்க அப்புச்சி டாடா லாரியை ‘பென்ஸ் வண்டி’ன்னே சொல்றார். விவரம் தெரியாமலா? (கல்லூரி மாணவி, நாமக்கல்)

ப: விவரம் தெரிந்துதான், கண்ணு. 1954 முதல் 1969 வரை டாடாவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் கூட்டு. அந்த லாரிகளின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரமே இருந்தது. 1969இல் கூட்டு முடிந்தது, அப்புச்சியின் நாக்கில் மட்டும் முடியவில்லை.

கே: பழைய லாரிக்கு ஆயுள்? (ஓட்டுநர், பெருந்துறை)

ப: ஆயில்.

கே: கடலெண்ணெய் ஊத்தினா டீசல் என்ஜின் ஓடுமுங்களா? (விவசாயி, காங்கேயம்)

ப: ஓடியிருக்கிறது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் டீசலைவிட அது கெட்டி. நாசில் பொடியாகத் தூவ முடியாமல் திணறும், முனையில் கரி கட்டும். அது கிடக்கட்டும், செக்கில் லிட்டர் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேள்வியை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்வீர்கள்.

கே: புது லாரிக்கு யூரியா ஊத்தறாங்களே, தோட்டத்து மூட்டையில ரெண்டு கை அள்ளிக் கரைச்சா ஆகாதா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

ப: ஆகவே ஆகாது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்காக, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க ஊற்றுவது அது. உப்பு நீக்கிய நீரில் 32.5 சதவீதம் சுத்த யூரியா. தோட்டத்து யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. நெல்லுக்கு அது மருந்து, சைலன்சருக்கு விஷம்.

கே: ஆறு சிலிண்டர் என்ஜின் ஏன் 1, 2, 3 என்று வரிசையாக வெடிப்பதில்லை? (பாலிடெக்னிக் மாணவர், கோவை)

ப: பெரும்பாலும் 1-5-3-6-2-4. அக்கம்பக்கத்துச் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்தால் அடி முழுவதும் கிராங்கின் ஒரே பக்கம் விழும். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்கு அடுத்தடுத்த நாள் கல்யாணம் வைத்தால் சமையல்காரர் என்ன ஆவார்?

கே: திம்பத்துல இறங்கறப்ப நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்ங்கறாரு எங்க டிரைவரண்ணன். (கிளீனர், சத்தியமங்கலம்)

ப: கணக்கே தப்பு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரமே என்ஜினைச் சுற்றும், டீசலைப் பம்பு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் உயிரோடு இருக்கவே டீசல் குடிக்கும். மொத்தப் பாரமும் பிரேக் தலையில் விழும். லைனர் காய்ந்தால் பிடிக்காது. 27 கொண்டை ஊசி வளைவு, கீழே பள்ளம். எந்தக் கியரில் ஏறினாரோ அதே கியரில் இறங்கச் சொல். கேட்காவிட்டால் நீ உச்சியிலேயே இறங்கிக்கொள் தம்பி, பண்ணாரிக்கு பஸ் இருக்கிறது.

கே: பட்டறையில சேர்ந்து மூணு மாசம் ஆச்சுங்க. மொதல்ல எதைக் கத்துக்கறது? (பட்டறைப் பையன், பல்லடம்)

ப: கட்டை வைக்கக் கற்றுக்கொள். ஸ்பேனர் அப்புறம். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. டிப்பர் தொட்டியைத் தூக்கிவிட்டு அடியில் தலையை நீட்டுகிறாயே, ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று பிய்ந்தால் தொட்டி உன்னைக் கேட்டுக்கொண்டா இறங்கும்? முட்டு கொடுக்காமல் உள்ளே போகாதே.

லாக் ரிங் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது எதிரே நிற்காதே, கூண்டுக்குள் வைத்து அடி. ரிங் தெறித்தால் அது பீரங்கிக் குண்டு.

இன்னொன்று. என்ஜின் ஓடும்போது நாசில் பைப் ஒழுகுகிறதா என்று விரலால் தடவாதே. காற்றழுத்தத்தைப் போல 200 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது. தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். ஒழுகலைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

இதற்கெல்லாம் ‘பயந்தாங்கொள்ளி’ என்று சிரிக்கிற மேஸ்திரியிடம் இருக்காதே. பட்டறை ஊரெல்லாம் இருக்கிறது, விரல் பத்துதான்.

கே: படிக்காதவன் மெக்கானிக் ஆனா மதிப்பாங்களா? (வாசகர், சூலூர்)

ப: உங்கள் பக்கத்துக் கலங்கல்காரர் ஜி.டி. நாயுடு பள்ளியைப் பாதியில் விட்டவர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டி இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸில் தொழிலைத் தொடங்கினார். கழற்ற எல்லோருக்கும் வரும். பூட்டி முடித்த பிறகு தரையில் ஒரு நட்டும் மிச்சமில்லையா? அதுதான் டிகிரி.

கே: முப்பது வருசத்து லேலண்ட். பையன் பழைய இரும்புக்குப் போடச் சொல்றான். மனசு வரலீங்க. (ஓய்வு பெற்ற ஓட்டுநர், திருச்செங்கோடு)

ப: வராதுதான். சோறு போட்ட வண்டி. ஆனால் பையனோடு சண்டை போடும் முன் சேசிஸைக் கழுவிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டு வைத்த இடத்திலேயே மறுபடி விரிசல் இருந்தால் ரோட்டில் விடாதீர்கள், எதிரே வருபவனுக்கும் குடும்பம் இருக்கிறது. விரிசல் இல்லை, எஃப்.சி.யில் தேறுகிறது, புகை அடங்கியிருக்கிறது என்றால் ஓட்டுங்கள்.

கொடுப்பதென்று முடிவானாலும் கியர்பாக்ஸையும் ஹவுசிங்கையும் எடைக்குப் போடாதீர்கள். அதே மாடலுக்கு ஸ்பேர் தேடி கோவை உக்கடத்தில் கடை கடையாக அலைகிற இன்னொரு கிழவர் இருப்பார்.