கொழுந்து கூடுனா தேத்தூள் கூடுமா?

வா தம்பி, உக்காரு. கழுத்துல அட்டை, கையில லெப்டொப், வாயில 'தியரி ஒஃப் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்'. ஆஸ்பத்திரிய திருத்தப் போறியாமே? நல்லா திருத்து. நுவரெலியாவுல ஹோட்டல் எடுத்து டாக்டர்மாருக்கு பயிற்சியும் வைக்கிறியாம். அதுக்கு முந்தி இந்தக் கெழவன்கிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டுப் போ.

அந்தத் தத்துவத்தச் சொன்னது எலியாகு கோல்ட்ராட்தானே? இஸ்ரேல்காரரு, பௌதிகம் படிச்சவரு. 1984ல 'த கோல்'னு கதப் பொஸ்தகமாவே எழுதிப்புட்டாரு. கெட்டிக்காரரு. அறிக்கையா எழுதியிருந்தா எவன் படிச்சிருப்பான்? சங்கதி இம்புட்டுதான். எந்த வேலையிலயும் ஒரு எடம் மத்த எல்லாத்தையும் இழுத்துப் புடிக்கும். அந்த இடுக்க மொதல்ல கண்டுபுடி. அதோட நேரத்த வீணாக்காத. மத்தவங்க எல்லாம் அதோட வேகத்துக்கு நடக்கட்டும். அப்பவும் பத்தலன்னாதான் காசப் போட்டு பெருசாக்கு. அது சரியானா இடுக்கு வேற எங்கயாச்சும் போய் ஒக்காந்திருக்கும். திரும்பவும் தேடு.

இதப் படிக்க ஹோட்டல் எதுக்கு? ஒரு கொழுந்து சீசன் எங்க தேயில ஸ்டோர்ல நின்னிருந்தா போதுமே. ஏப்ரல், மே மழைக்கு கொழுந்து கொட்டும். 'எடு, இன்னும் எடு'ன்னு தொர வெரட்டுவாரு. ஆனா வாட்டுற மாடி அதே மாடிதான். கொழுந்து வாட 12 மணித்தியாலத்துக்கு மேலயும் போகும். நீ கத்துனா சுருக்கா வாடுமா? எடமில்லாத கொழுந்து சாக்குலயே சூடேறி செவந்து கெடக்கும். மலையில அம்புட்டுப் பேரும் சுறுசுறுப்பு. தூளு மட்டும் கூடல.

இப்ப ஆஸ்பத்திரிக்கு வா. 'கட்டில் பத்தல, புதுக் கட்டடம் வேணும்'. இதுதானே எல்லாரும் பாடுறது? கட்டடம் வேணாமின்னு நான் சொல்லல. டிக்கோயா கிளங்கன்ல 150 கட்டில் ஆஸ்பத்திரிய இந்தியா கட்டிக் குடுத்திச்சி. 2017 மே மாசம் மோடி வந்து தொறந்து வச்சாரு. நம்ம சனத்துக்கு அது பெரிய காரியம். ஆனா எந்த ஊரு ஆஸ்பத்திரியா இருந்தாலும், கட்டில் கேக்குறதுக்கு முந்தி, இருக்கிற கட்டில்ல யாரு உக்காந்திருக்கான்னு எட்டிப் பாரு. காலையிலயே டாக்டர் 'வீட்டுக்குப் போகலாம்'னுட்டாரு. இவன் சட்டைய மாத்தி, பையக் கட்டி உக்காந்திருக்கான். எதுக்கு? டிக்கட் வெட்டணும். கார்ட் எழுதணும். மருந்து வரணும். எழுதுற சின்ன டாக்டர் ஒத்த ஆளு, அவரும் அடுத்த வார்ட்டுல நிக்கிறாரு. பின்னேரம் ஆகுது. புதுசா வந்த பொம்பள கீழ பாயில படுத்திருக்கா. பத்தாம போனது கட்டிலா தம்பி, பேனையா? ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்.

கிளினிக் கூத்து இன்னும் பெருசு. வாற எல்லாருக்கும் கார்ட்ல ஒரே நேரம், காலையில ஏழு மணி. இருட்டோட மொத பஸ்ஸப் புடிச்சி வந்து நம்பர் எடுக்குறா நம்ம தோட்டத்து அக்கா. டாக்டர் வார்ட்டப் பாத்து முடிச்சி வர ஒம்பதோ பத்தோ. பின்னேரம் பாத்தா வாங்கு வெறுமையா கெடக்கு. பாதிப் பேர பதினொரு மணிக்கு வரச் சொன்னா ஆஸ்பத்திரி இடிஞ்சா போகும்? மலைக்குப் போகாததுனால அவளுக்கு அன்னைக்கிப் பேரு இல்ல. பேரு இல்லன்னா சம்பளம் இல்ல. ஒன் எக்செல் தாள்ல அதுக்கு ஒரு கட்டம் வச்சிருக்கியா?

மதுரையில ஒரு மனுசன் இதையெல்லாம் செஞ்சே காட்டிட்டாரு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. வாதத்துல வெரல் முறுக்கிப் போனவரு. அந்த வெரலாலதான் கண்ணு அறுத்தாரு. நீ மவுஸப் புடிச்சே மணிக்கட்டு நோவுதுங்குற. அரசாங்க உத்தியோகத்துல ஓய்வு வாங்கிட்டு 1976ல 11 கட்டிலோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியத் தொடங்குனாரு. அங்க இடுக்கு எது? அறுக்குற டாக்டரோட கை. அதனால ஒரு டாக்டருக்கு ரெண்டு மேச. ஒண்ணுல ஒப்பரேஷன் நடக்கும்போதே அடுத்த ஆள மத்த மேசையில தயாராப் படுக்க வச்சிருவாங்க. முடிச்சித் திரும்புனா அடுத்த கண்ணு. கண்ணப் பரிசோதிக்கிறது, மருந்து விடுறது, ஆள ஆயத்தப்படுத்துறது எல்லாம் அவங்களே பழக்கி எடுத்த கிராமத்துப் பொண்ணுங்க கையில. டாக்டர் பைல் தேடிக்கிட்டு நிக்கிறதில்ல. அப்புறம் வெளிநாட்டு லென்ஸ் வெல வழிய மறிச்சிச்சி. 1992ல அரோலேப்னு ஒண்ணு தொடங்கி லென்ஸையும் தாங்களே செஞ்சிப்புட்டாங்க. ஊர்ல கெடக்குறவங்க வர முடியலயா? கண் முகாம் போட்டு பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வந்தாங்க.

ஆனா ராசா, இதுல ஒனக்குக் கசக்குற எடம் ஒண்ணு இருக்கு. டாக்டர் ஒரு நிமிசமும் காத்து நிக்கக்கூடாதுன்னா, அவருக்காக மத்தவங்க காத்து நிக்கணும். ரெண்டாவது மேசக்காரி எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு கொஞ்சம் சும்மா நிப்பா. அது ஒனக்குப் பொறுக்குமா? சும்மா நிக்கிற ஆளக் கண்டா எந்தக் கங்காணிக்குத்தான் கண்ணு எரியாது? ஒடனே அவ கையில நாலு ரெஜிஸ்டரக் குடுத்து எழுதச் சொல்லுவ. இந்தப் பக்கம் டாக்டர் கையுறையோட முழிச்சிக்கிட்டு நிப்பாரு. நீ மட்டும் 'எல்லாரும் நூறு வீதம் பிசி'ன்னு கலர் கலரா சார்ட் போடுவ. எல்லாரும் பிசியா இருக்கிற ஆஸ்பத்திரியில நோயாளி மட்டுந்தான் தம்பி சும்மா உக்காந்திருப்பான்.

சரி, தேத்தண்ணி ஆறுது, குடி. ஒன் பயிற்சி என்னைக்கி? புதன்கிழமையா? பெரிய டாக்டர்மாரு ஒருத்தர் விடாம வாராங்களா? பேஷ். புதன்கிழமதானே சீனி வருத்தக் கிளினிக்? அன்னைக்கி அத யாருப்பா பாக்குறது?