யானை அல்ல, முந்நூறு குதிரை

(கேள்வி-பதில்: இந்த வாரம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களின் பெட்ரோல் புலம்பல்கள்)

தவணை கட்டுபவர், பூந்தமல்லி: ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். முந்நூறு குதிரைசக்தி. லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. எங்கே கோளாறு?

யானையைக் கட்டித் தீனி போடுவது பற்றிப் பெரியவர்கள் எச்சரித்துவிட்டுப் போனார்கள். முந்நூறு குதிரை பற்றி யாரும் சொல்லவில்லை, மாட்டிக்கொண்டீர்கள். லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்றால், உங்கள் வண்டி கிலோமீட்டருக்கு 17 ரூபாய் சாப்பிடுகிறது.

காரில் கோளாறு இல்லை. சமதளச் சாலையில் ஒரே சீராக 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, ஒன்றரை டன் காருக்கு நாலைந்து குதிரை போதும். மிச்சமுள்ள இருநூற்றுத் தொண்ணூற்றைந்தும் லாயத்தில் நின்று தீனி தின்கின்றன. பெரிய எஞ்சினின் உராய்வைச் சமாளிக்கவே பெட்ரோல் வேண்டும். அதோடு, மெதுவாகப் போகும்போது காற்று உள்ளே போகும் த்ராட்டில் வாய் ஏறக்குறைய மூடியிருக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க எஞ்சின் திணறும். இளநீர்க் கடையில் ஸ்ட்ராவை இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், புரியும். உங்கள் கார் குமணன்சாவடியில் தினமும் அப்படித்தான் இளநீர் குடிக்கிறது.

ஏமாந்தவர், திருவேற்காடு: கம்பெனி சொன்னது 12. எனக்கு வருவது 7. கேஸ் போடலாமா?

கம்பெனி சொன்னது பொய் அல்ல, சோதனைக்கூடத்து உண்மை. நம் நாட்டுச் சோதனையில் காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. உச்ச வேகம் 90. ஏ.சி. கிடையாது. பள்ளம் கிடையாது, குறுக்கே மாடு கிடையாது, எதிர்த் திசையில் வரும் தண்ணீர் லாரியும் கிடையாது. அந்தச் சாலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துவிடலாம்.

ஐ.டி. ஊழியர், அம்பத்தூர்: டிராஃபிக்கில் நிற்பதால் மட்டுமே மைலேஜ் இவ்வளவு விழுமா?

போன மாதம் நண்பரின் காரில் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பாடிக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. ஐம்பது நிமிடம் ஆனது. கிளம்பும்போது டேஷ்போர்டில் 7.4 என்று இருந்தது. டன்லப் ஸ்டாப்பில் 6.1. மண்ணூர்பேட்டையில் ஒரு பஸ் குறுக்கே திரும்பி நின்றது. நாங்கள் ஒரு அடி நகரவில்லை, ஆனால் எண் மட்டும் 5.8, 5.6, 5.3 என்று லிஃப்ட் மாதிரி இறங்கியது. நிற்கிற வண்டியின் மைலேஜ் பூஜ்யம். ஏ.சி. ஓட, பெரிய எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும். அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்துத்தான் டேஷ்போர்டு சராசரி போடுகிறது.

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "அண்ணே, சூப்பரா இருக்கு வண்டி. எவ்ளோ கொடுக்குது?" என்றார். நண்பர் கூசாமல் "பத்து" என்றார். ஆட்டோக்காரர் தன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். எட்டுப் பேர். "என்னுது இருபது கொடுக்குண்ணே" என்றார். எட்டுப் பேரை இருபதால் பெருக்கிப் பாருங்கள். அன்று அந்தச் சாலையில் ஓடிய நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் எது என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

வேகப் பிரியர், நசரத்பேட்டை: அப்படியானால் வெளிவட்டச் சாலையில் காலியாக இருக்கும்போது அழுத்தி ஓட்டினால் மைலேஜ் கூடும்தானே?

'காலியாக' வரை சரி. 'அழுத்தி' என்ற இடத்தில் கணக்கு கவிழ்கிறது. வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், ஆறு வழி. 80-ல் சீராகப் போனால் உங்கள் கார் உங்களுக்கே ஆச்சரியம் தரும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, அதை மீறத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. புகாட்டி வேரோன் என்று ஒரு கார், 1,001 குதிரைசக்தி. மணிக்கு 400-க்கு மேல் உச்ச வேகத்தில் போனால் 100 லிட்டர் டேங்க் சுமார் 12 நிமிடத்தில் காலி. பூந்தமல்லியில் டேங்கை நிரப்பிக் கிளம்பினால் ராணிப்பேட்டைப் பக்கம் தள்ள ஆள் தேட வேண்டும்.

இன்னொன்று. அந்தச் சாலையில் இரவில் ஓரமாக லாரிகள் விளக்கில்லாமல் நிற்கும். மைலேஜ் போனால் பணம்தான் போகும். அழுத்தியே ஆகவேண்டும் என்றால் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை வரை போங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது, சுமார் 3.7 கிலோமீட்டர். உங்கள் அப்பா காலத்தில் இதற்குச் சோழவரம் விமானத் தளத்துக்குப் போவார்கள்.

முகப்பேர் இல்லத்தரசி: என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் ஸ்ரீபெரும்புதூர் வரை தன் ஸ்போர்ட்ஸ் காரில் போய் டீ குடித்துவிட்டு வருகிறார். வீட்டு டீ நன்றாக இல்லையாம்.

போக வர எழுபது கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டு என்று தாராளமாக வைப்போம். ஒன்பது லிட்டர். சுங்கக் கட்டணத்தை விட்டுவிட்டாலே அந்த டீ தொள்ளாயிரத்துச் சொச்சம். அடுத்த ஞாயிறு காலை நீங்களே ஒரு டீ போட்டு, தம்ளருக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் பில்லை வையுங்கள். பாதி விலைதான் என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெருங்களத்தூர்: நம் மெட்ராஸில் தயாரான கார்களிலேயே பெட்ரோல் குடித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது எது? உங்களுக்கு நினைவிருக்கிறதா?

உங்கள் ஊரைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. ஐயா, நீங்கள் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவராக இருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

ஸ்டாண்டர்ட் 2000. வண்டலூர் பக்கம், பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. அறுபதுகளில் ஹெரால்டு காரைக் கொடுத்து மெட்ராஸ் டாக்டர்களையும் வக்கீல்களையும் சந்தோஷப்படுத்திய அதே கம்பெனி. 1985-ல் வந்த இந்தக் காரின் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அங்கே 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. ஃபெராரி டேடோனாவின் சாயல் உள்ள முகம். உள்ளே 3.5 லிட்டர் வி8 எஞ்சினும் கிடைத்தது.

நமக்கு வந்ததோ உடம்பு மட்டும். அந்த எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காலத்து நாலு சிலிண்டர், 1,991 சி.சி., எண்பத்துச் சொச்சம் குதிரைசக்தி, நாலே கியர். அந்த எஞ்சின் குடும்பத்தின் ஜாதகம் வேடிக்கையானது. ஒரு பிள்ளை 1953-ல் ட்ரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பறந்தது. இன்னொன்று பெர்குசன் டிராக்டரில் உழுதது. பெருங்களத்தூருக்கு வாய்த்தது, பறந்த பிள்ளையைவிட உழுத பிள்ளையின் குணம்.

இதைவிடப் பெரிய துரதிர்ஷ்டம் நேரம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, சிக்கனம் என்றால் என்ன என்று நாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வகுப்பில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தது ஸ்டாண்டர்ட் 2000. பார்க்க ஃபெராரி, ஓட்ட லாரி, பெட்ரோல் பங்கில் மட்டும் வி8. 1988-ல் தயாரிப்பு நின்றது.

வேகத்துக்காகக் குடிக்கும் காரை நான் மன்னிப்பேன். குடித்துவிட்டு வேகமும் போகாத காரை எந்த ஊர்க்காரனும் மன்னிக்க மாட்டான்.

மாணவர், ஆவடி: எங்கள் ஊரில் தயாரானதிலேயே மோசமான மைலேஜ் எதற்கு?

கேட்கவும் வேண்டுமா? கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான டாங்கிகளுக்கு. டி-72-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1,200 லிட்டர் டீசல் ஊற்றினால் சாலையில் 460 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டருக்கு மேல். ஆனால் சிக்னலில் யாரும் "எவ்ளோ கொடுக்குது?" என்று கேட்பதில்லை.

அஜித் ரசிகர், பட்டாபிராம்: தல ஓட்டும் பந்தயக் காருக்கு மைலேஜ் பற்றிக் கவலை இருக்குமா?

நம்மைவிட அதிகமாக. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி 991 பிரிவில் மூன்றாவது வந்தது. அந்த மாதிரி நீண்ட பந்தயத்தில் பெட்ரோல் போட நிற்கும் ஒவ்வொரு தடவையும் நேரம் நஷ்டம். குறைவாகக் குடிக்கிறவன் குறைவாக நிற்பான்.

ஃபார்முலா ஒன் இன்னும் கறார். 2019 முதல் 2025 வரை ஒரு பந்தயத்துக்கு 110 கிலோ எரிபொருள்தான் அனுமதி. சுமார் 305 கிலோமீட்டர் ஓட்டம். கணக்குப் போட்டால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர். "அடேங்கப்பா, நம்ம வண்டி தேவலை" என்று சிரிக்காதீர்கள். பெட்ரோலின் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றும் எஞ்சினை 2017-லேயே மெர்சிடிஸ் சோதனைக்கூடத்தில் ஓட்டிக் காட்டிவிட்டது. அவர்கள் லிட்டருக்கு இரண்டு வாங்குவது முந்நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் பந்தயத்தில். உங்கள் ஆறு, மதுரவாயல் நெரிசலில்.

சந்தேகப் பிராணி, கொரட்டூர்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் மைலேஜ் விழுந்தது என்று பங்கில் சண்டை போட்டேன். சரிதானே?

சண்டை சரி, ஆள் தப்பு. பங்கில் நிற்கும் பையன் கரும்பு ஆலை நடத்தவில்லை. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே மைலேஜ் குறையத்தான் செய்யும். நிதி ஆயோக் 2021-ல் போட்ட கணக்குப்படி, பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், 20 சதவீதக் கலப்புக்கென்றே அளவு வைத்த கார்களுக்கு 1 முதல் 2. அதாவது 10 கொடுத்த வண்டி 9.3 கொடுக்கலாம். 10 கொடுத்தது 6 கொடுத்தால் பழியைக் கரும்பின் மேல் போடாதீர்கள். டயரில் காற்று எப்போது பார்த்தீர்கள்?

முன்னெச்சரிக்கையாளர், திருமுல்லைவாயல்: மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று என் மாமா சொல்கிறார்.

மாமா ஓட்டியது கார்புரேட்டர் கார். இன்றைய கார் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் குடிக்கும். பிரேக்குக்கும் சுமை. மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், வண்டியை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

சிக்கனம், அயப்பாக்கம்: பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடுமா?

நானும் ஒன்று வாங்கி மாட்டினேன். மூன்று மாதம் கழித்துக் கழற்றி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன், பால் கணக்குச் சீட்டை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசோதித்தது. உருப்படியாகப் பலன் தந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. விலை உயர்ந்த 100 ஆக்டேன் பெட்ரோலும் இதே ரகம்தான். கம்பெனி கையேட்டில் கேட்டிருந்தால் போடுங்கள். கேட்காத எஞ்சினுக்கு ஊற்றுவது, பசிக்காதவனுக்குப் பிரியாணி.

வரி கட்டுபவர், போரூர்: பெட்ரோல் குடிக்கும் காருக்கு அரசாங்கம் தனி வரி போட்டால் என்ன?

அமெரிக்காவில் 1978 சட்டப்படி இருக்கிறது. சோதனையில் லிட்டருக்குச் சுமார் ஒன்பதரை கிலோமீட்டருக்குக் குறைந்தால் வரி, உச்சம் 7,700 டாலர். ஆனால் கார்களுக்குத்தான். லாரி ரகத்தில் சேர்ந்துகொண்ட பெரிய எஸ்.யு.வி.க்கள் தப்பித்துவிட்டன. நம் ஊரில் 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. அதையும் நீளத்தையும் சி.சி.யையும் பார்த்துத்தான் போடுகிறார்கள், குடிப்பதைப் பார்த்து அல்ல. குடிப்பதற்கு வரி போடுவது நம் அரசுக்குத் தெரியாத வித்தை அல்ல. காருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மீண்டும் தவணை கட்டுபவர், பூந்தமல்லி: எல்லாம் படித்தேன். காரை விற்றுவிடலாமா?

வேண்டாம். வாங்குகிறவரும் பூந்தமல்லிக்காரராகத்தான் இருப்பார். அடுத்த மாதம் அவரும் எனக்கே எழுதுவார்.